வண்டி ஓடினா மட்டும் பிழை வருதா? ஓஎஃப்டிஎம் ரிசீவர்ல எங்க பாக்கணும், எதை மாத்தணும்

மேஜை மேல வெச்சு டெஸ்ட் பண்ணும்போது ஓஎஃப்டிஎம் (டேட்டாவை சப்கேரியர்னு பல குட்டி ஃப்ரீக்வென்சிகள்ல பிரிச்சு அனுப்புற முறை) ரிசீவர் சமத்தா வேலை செய்யும், அதையே ஓடுற வண்டியில வெச்சா பிட் எரர் கன்னாபின்னான்னு ஏறும், உடனே பக்கத்துல இருக்கிறவர் சொல்றது "ஈக்வலைசரை மாத்துப்பா". ஈக்வலைசர் (சேனல் பண்ணின சேதத்தை திருப்பி சரி பண்ற பகுதி) பாவம், முக்கால்வாசி நேரம் அது மேல தப்பே இருக்காது. அதுக்கு ஊட்டுற சேனல் எஸ்டிமேட் (வர்ற வழி சிக்னலை எப்படி மாத்துதுங்கிற கணிப்பு) பழசாயிருக்கும், இல்லன்னா ஃப்ரீக்வென்சி ஆஃப்செட் (அனுப்புற, வாங்குற ஃப்ரீக்வென்சிகளுக்கு நடுவுல உள்ள வித்தியாசம்) சரியா கழிஞ்சிருக்காது, இது தெரியாம பெரிய மேட்ரிக்ஸ் ஈக்வலைசரை எழுதி உக்காந்தா லேப்டாப் சூடாகுறதுதான் மிச்சம். கீழ அறிகுறி வாரியா எழுதியிருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ நேரா அங்க போங்க. ஆனா முதல் கணக்கை மட்டும் எல்லாரும் போட்டுட்டுப் போங்க.

ஒரே ஒரு கணக்கு

வேகத்தை மீட்டர்/விநாடில எடுத்து கேரியர் ஃப்ரீக்வென்சியால பெருக்கி ஒளியோட வேகத்தால வகுத்தா அதிகபட்ச டாப்ளர் (ஓட்டத்தால ஃப்ரீக்வென்சி நகர்ற அளவு) வந்துடும். அதை சப்கேரியர் இடைவெளியால வகுங்க. இந்த ஒரு நம்பர்தான் ஜாதகம்.

மணிக்கு 350 கிமீ போற ரயில், 2.6 கிகாஹெர்ட்ஸ், எல்டிஇ (4ஜி): டாப்ளர் சுமாரா 840 ஹெர்ட்ஸ், இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ், வகுத்தா 0.056. எல்லா திசையில இருந்தும் சிதறி வர்ற சேனல்னா (ஜேக்ஸ் மாடல்), ஒரு சப்கேரியர்ல இருந்து பக்கத்து சப்கேரியர்களுக்கு ஒழுகுற பவரோட (இந்த ஒழுகல்தான் ஐசிஐ) மேல் வரம்பு என்னன்னா, இந்த நம்பரை 2 பையால பெருக்கி, வர்க்கம் எடுத்து, 24-ஆல வகுக்கணும். 0.056க்கு அது மைனஸ் 23 டிபி பக்கம் வருது. அதாவது நாய்ஸே இல்லாத உலகத்துல கூட ஒன்-டேப் ஈக்வலைசருக்கு (ஒவ்வொரு சப்கேரியரையும் தனியா ஒரே நம்பரால சரி பண்றது) கிடைக்கிற எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம்) 23 டிபியை ஒட்டித்தான் நிக்கும். ஒரு சிம்பல்ல 2 பிட் வெக்கிற க்யூபிஎஸ்கேக்கு அது தாராளம், 6 பிட் வெக்கிற 64 க்வாம்ல உயர்ந்த கோட் ரேட் போட்டா மூச்சு முட்டும். வேகம் ரெண்டு மடங்கானா இந்த எஸ்என்ஆர் வரம்பு 6 டிபி கீழ இறங்கும்.

இதையே கார்களுக்கு நடுவுல பேசுற 802.11பி-க்கு (802.11p) போட்டுப் பாருங்க. 5.9 கிகாஹெர்ட்ஸ், எதிரெதிர் வர்ற ரெண்டு கார், சேத்து மணிக்கு 200 கிமீ, டாப்ளர் சுமார் 1090 ஹெர்ட்ஸ். ஆனா அங்க சப்கேரியர் இடைவெளி 156.25 கிலோஹெர்ட்ஸ், வகுத்தா 0.007, ஒழுகுறது மைனஸ் 41 டிபி. ஒண்ணுமே இல்ல. டாப்ளர் அதிகம், ஐசிஐ கிடையாது. மறுபக்கம் டிவிபி-டி (டிஜிட்டல் டிவி) 8கே மோடுல இடைவெளி வெறும் 1116 ஹெர்ட்ஸ், 600 மெகாஹெர்ட்ஸ்ல மணிக்கு 120 கிமீ போற கார்ல டாப்ளர் 67 ஹெர்ட்ஸ்தான், ஆனாலும் வகுத்தா 0.06. கார்ல டிவி பாக்குறவன் கஷ்டமும் புல்லட் ரயில்ல போன் பேசுறவன் கஷ்டமும் ஒரே கஷ்டம்தான்.

0.01க்கு கீழன்னா ஐசிஐ ஈக்வலைசர் பக்கமே போகாதீங்க. 0.05க்கு மேல, அதுவும் 16 க்வாமுக்கு மேலன்னா, யோசிக்கலாம். நடுவுல இருக்கிறவங்க கீழ படிங்க.

அறிகுறி: எஸ்என்ஆரை எவ்வளவு ஏத்தினாலும் எரர் ஒரு லெவலுக்கு கீழ இறங்க மாட்டேங்குது

20 டிபில இருந்து 40 டிபிக்கு போனாலும் கர்வ் படுத்தே கிடக்கு. இதுக்கு ரெண்டு பேர் மேல சந்தேகப்படலாம், ஒண்ணு ஐசிஐ, இன்னொண்ணு எஸ்டிமேட்டர். பிரிச்சுப் பாக்க சிமுலேஷன்ல சுலபமான வழி: எஸ்டிமேட்டரை தூக்கிட்டு, ஒவ்வொரு சிம்பலுக்கும் அந்த சிம்பல் நேரத்துல உண்மையான சேனலோட சராசரியை நேரா ஒன்-டேப்புக்கு கொடுங்க. படுத்துக் கிடந்த கர்வ் எழுந்து இறங்க ஆரம்பிச்சா குத்தவாளி எஸ்டிமேட்டர். அப்பவும் அதே இடத்துல படுத்திருந்தா ஐசிஐ.

நிஜ ஹார்ட்வேர்ல உண்மையான சேனல் நம்ம கையில கிடையாது. அங்க ஒரு பள்ளம் வெட்டுங்க. டிரான்ஸ்மிட் பண்ணும்போது நடுவுல ஏழெட்டு சப்கேரியரை காலியா விட்டுட்டு, ரிசீவர்ல எஃப்எஃப்டிக்கு (சிக்னலை சப்கேரியர்களா பிரிக்கிற கணக்கு) அப்புறம் அந்த பள்ளத்தோட ஆழத்தைப் பாருங்க. எஸ்என்ஆர் 35 டிபி இருக்கும்போது பள்ளம் 35 டிபி ஆழம் இருக்கணும். 20, 22லயே தரை தட்டுதுன்னா, அதுவும் பள்ளத்தோட ஓரம் மேடாவும் நடு கொஞ்சம் ஆழமாவும் கிண்ணம் மாதிரி இருந்தா, பக்கத்து கேரியர்ல இருந்து ஒழுகுது. இப்ப வண்டியை நிறுத்திப் பாருங்க. நின்னப்பவும் பள்ளம் ரொம்பியே இருந்தா அது டாப்ளர் இல்ல, ஆஸிலேட்டரோட ஃபேஸ் நாய்ஸோ, கழியாத ஆஃப்செட்டோ, ஏடிசி க்ளிப் ஆகுறதோ, அதை சரி பண்ணாம இங்க மேல படிச்சு பிரயோஜனம் இல்ல.

எஸ்டிமேட்டர்தான்னு முடிவாச்சுன்னா எல்டிஇல வழக்கமா மாட்டுறது லீனியர் இன்டர்பொலேஷன். ரெஃபரன்ஸ் பைலட் (ரிசீவருக்கு முன்னாடியே தெரிஞ்ச சிம்பல்) ஒரு சப்ஃப்ரேமோட 14 சிம்பல்ல 0, 4, 7, 11 இந்த இடங்கள்ல வரும், அதிகபட்ச இடைவெளி 4 சிம்பல், சுமார் 0.286 மில்லிசெகண்ட். முழு 840 ஹெர்ட்ஸ் டாப்ளரோட வர்ற ஒரு பாதை அந்த நேரத்துல 86 டிகிரி சுத்திடும். 86 டிகிரி வளைவுக்கு ரெண்டு முனையையும் நேர்கோட்டால இணைச்சா நடுப்புள்ளி எங்க விழும்? உண்மையான அளவுல 73 சதவீதத்துல. 27 சதவீதம் பிழைன்னா மைனஸ் 11 டிபி. ஐசிஐ மைனஸ் 23ல அமைதியா உக்காந்திருக்கு, இன்டர்பொலேஷன் மைனஸ் 11ல ஆட்டம் போடுது, நாம என்னன்னா ஐசிஐக்கு ஈக்வலைசர் எழுதிட்டு இருக்கோம். சராசரியா கால் மில்லிசெகண்டுக்கு ஒரு பைலட்னா கணக்குப்படி 2 கிலோஹெர்ட்ஸ் டாப்ளர் வரைக்கும் தாங்கணும், அதனால பைலட் பத்தலன்னு சொல்ல முடியாது. நேர்கோட்டுக்கு பதிலா வீனர் ஃபில்டர் போடுங்க, அதோட கோரிலேஷன்ல டாப்ளரை கொஞ்சம் கூடவே வெச்சு டிசைன் பண்ணுங்க, கம்மியா வெச்சாத்தான் அடி பலமா விழும்.

அறிகுறி: பாக்கெட் ஆரம்பம் நல்லா இருக்கு, வால் பகுதி நாசமா போகுது

802.11பி பக்கம் வேலை செய்றவங்க எல்லாரும் ஒரு நாள் இங்க வந்துதான் ஆகணும். சேனலை ப்ரீஆம்பிள்ல (பாக்கெட்டோட தலைப்பகுதி) ஒரு தடவை அளந்துட்டு பாக்கெட் முழுக்க அதையே வெச்சு ஓட்டுறோம். 300 பைட் பாக்கெட், க்யூபிஎஸ்கே அரை ரேட்னா 51 சிம்பல், ஒரு சிம்பல் 8 மைக்ரோசெகண்ட், மொத்தம் 408 மைக்ரோசெகண்ட். மேல சொன்ன 1090 ஹெர்ட்ஸ் டாப்ளர்ல சேனல் ஒரே மாதிரி இருக்கிற நேரம், 0.423-ஐ டாப்ளரால வகுக்கிற வழக்கமான விதிப்படி, 390 மைக்ரோசெகண்டை ஒட்டி வருது. பாக்கெட் முடியும்போது இருக்கிற சேனல் வேற, நம்ம கையில இருக்கிற சேனல் வேற.

கான்ஸ்டலேஷனை (வாங்கின சிம்பல்களோட புள்ளிப்படம்) சிம்பல் வாரியா பிரிச்சு வரைங்க, மொத்தமா கொட்டி வரைஞ்சா ஒண்ணும் புரியாது. கடைசி சிம்பல்கள்ல எல்லா சப்கேரியரும் ஒரே கோணத்துல ஒண்ணா திரும்பியிருந்தா அது ஆஃப்செட்டோட மிச்சம், இருக்கிற 4 பைலட்டை வெச்சு பொது ஃபேஸை கழிச்சா போச்சு. சப்கேரியர் 5 ஒரு பக்கம் திரும்பி, 20 இன்னொரு பக்கம் திரும்பி, சிலது சுருங்கி சிலது விரிஞ்சிருந்தா சேனலே மாறிடுச்சு, அந்த 4 பைலட் அதுக்கு பத்தவே பத்தாது, ஏன்னா அதுங்களுக்கு நடுவுல 14 சப்கேரியர், அதாவது 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல இடைவெளி.

இதுக்கு மருந்து ஈக்வலைசர் இல்ல, அப்டேட். டீகோட் பண்ணின சிம்பலையே பைலட்டா வெச்சு அடுத்த சிம்பலுக்கு சேனலை புதுப்பிச்சுக்கிட்டே போங்க, பழைய எஸ்டிமேட்டும் புதுசும் எடை போட்டு கலக்கணும், பக்கத்து சப்கேரியர்களோடயும் கொஞ்சம் சராசரி பண்ணணும், இல்லன்னா ஒரு தப்பு முடிவு அடுத்தடுத்த சிம்பலுக்கு தொத்திக்கிட்டே போகும். ஸ்டாண்டர்டை மாத்துற உரிமை உங்களுக்கு இருந்தா நடுவுல மிட்ஆம்பிள் (பாக்கெட் நடுவுல இன்னொரு ப்ரீஆம்பிள்) வெச்சிடுங்க, 802.11பிடில (802.11bd) அதைத்தான் பண்ணியிருக்காங்க.

அறிகுறி: டவரை தாண்டும்போது மட்டும் சட்டுனு அறுந்து திரும்ப வருது

ரயில்காரங்களுக்கு. 3ஜிபிபி (எல்டிஇ ஸ்டாண்டர்ட் எழுதுற அமைப்பு) டெஸ்ட் கேஸ்லயே இது இருக்கு: மணிக்கு 300 கிமீ, தண்டவாளத்துல இருந்து 2 மீட்டர் தள்ளி ஆன்டெனா, டாப்ளர் 750 ஹெர்ட்ஸ். டவரை நோக்கி வரும்போது பிளஸ் 750, தாண்டினதும் மைனஸ் 750. இந்த புரட்டல்ல பெரும்பகுதி ஆன்டெனாவுக்கு முன்னாடி 2 மீட்டர், பின்னாடி 2 மீட்டர்ல நடந்து முடிஞ்சிடும், 83 மீட்டர்/விநாடில அது 50 மில்லிசெகண்ட் கூட இல்ல. உச்சத்துல ஒரு மில்லிசெகண்டுக்கு 31 ஹெர்ட்ஸ் வீதம் மாறுது.

இங்க பாதை ஒண்ணுதான், அதனால டாப்ளர்னு சொல்றது சாதாரண ஃப்ரீக்வென்சி ஆஃப்செட்தான், டைம் டொமைன்ல ஒரு ஃபேஸ் சுழற்சியால பெருக்கினா கழிஞ்சிடும், மேட்ரிக்ஸ் எதுவும் வேண்டாம். அறுந்து போறது உங்க ஆஃப்செட் லூப் மந்தமா இருக்கிறதால. நூறு மில்லிசெகண்ட் சராசரி எடுக்கிற லூப் இந்த புரட்டலை பாக்கவே பாக்காது. லூப்பை வேகப்படுத்துங்க, இல்லன்னா புரட்டலை எதிர்பாத்து ரெண்டாம் ஆர்டர் லூப் போடுங்க. பேஸ் ஸ்டேஷன் பக்கம் எழுதுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, போன் டவுன்லிங்க்ல டாப்ளரோட சேந்த ஃப்ரீக்வென்சியை உண்மைன்னு நம்பி அதுல லாக் ஆகி அதை வெச்சே அப்லிங்க் அனுப்பும், அதனால உங்களுக்கு வந்து சேர்றது ரெண்டு மடங்கு.

ஆனா ஒரே செல்லை வரிசையா பல ரேடியோ யூனிட்ல இருந்து அனுப்புற அமைப்புன்னா கதை வேற. ரெண்டு டவருக்கு நடுவுல முன்னாடி இருந்து பிளஸ், பின்னாடி இருந்து மைனஸ், ரெண்டும் சம பவர். ஒண்ணை கழிச்சா இன்னொண்ணு ரெட்டிப்பாகும். இது நிஜமான ஐசிஐ, இதுக்குத்தான் கடைசி ரெண்டு பகுதி.

அறிகுறி: சேனல் எஸ்டிமேட் பிளாக்கோட நடுவுல கச்சிதம், ரெண்டு ஓரத்துலயும் கோளாறு

பேசிஸ் எக்ஸ்பான்ஷன் (நேரத்தோட மாறுற சேனலை சில நிலையான ஃபங்ஷன்களோட கூட்டலா எழுதுறது) போட்டிருக்கீங்க, அதுவும் காம்ப்ளெக்ஸ் எக்ஸ்பொனென்ஷியல். பிளாக் நீளத்தையே பீரியடா வெச்சதால மாடல் ஆரம்பப் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒண்ணா சேரணும்னு அடம் பிடிக்குது, நிஜ சேனலுக்கு அப்படி எந்த கட்டாயமும் இல்ல, அதனால ஓரத்துல கிப்ஸ் அலை அடிக்குது. பீரியடை பிளாக்கோட ரெண்டு மடங்கா வெச்சுப் பாருங்க, அல்லது லெஜெண்டர் பாலினோமியல், அல்லது ஸ்லெபியன் சீக்வென்ஸ். என் ஓட்டு ஸ்லெபியனுக்கு, அதிகபட்ச டாப்ளர் மட்டும் தெரிஞ்சா போதும், ஒரு தடவை கணக்கு போட்டு டேபிளா வெச்சுக்கலாம்.

எத்தனை ஃபங்ஷன்? பிளாக் நேரத்தை டாப்ளரால பெருக்கி, ரெண்டால பெருக்கி, ஒண்ணு கூட்டி, மேல் முழு எண்ணுக்கு தள்ளுங்க. 1 மில்லிசெகண்ட், 840 ஹெர்ட்ஸ்னா 3. ஒண்ணு கூட வெச்சு 4 போடலாம். சும்மா இருக்கட்டுமேன்னு 8 போட்டீங்கன்னா கூடுதல் நாலும் நாய்ஸைத்தான் ஃபிட் பண்ணும். 10 டேப் (வேற வேற தாமதத்துல வர்ற 10 பாதை) சேனல்னா தெரியாத மதிப்பு 30-ஆ 80-ஆங்கிற வித்தியாசம் அது, உங்ககிட்ட எத்தனை பைலட் இருக்குன்னு எண்ணிப் பாத்துக்குங்க.

அறிகுறி: ஹார்ட் டெசிஷன் எரர் குறைஞ்சது, ஆனா டீகோடர் முன்னைவிட மோசம்

ரெண்டே விஷயம். எம்எம்எஸ்இ (சராசரி வர்க்கப் பிழையை குறைக்கிற ஈக்வலைசர்) வெளியீடு சுருங்கி வரும், ஒவ்வொரு சப்கேரியரும் ஒண்ணுக்கு கம்மியான ஒரு கெயினால பெருக்கப்பட்டிருக்கும், க்யூபிஎஸ்கேக்கு அது தெரியாது, 16 க்வாம்ல இருந்து வெளிப்புள்ளி எல்லாம் உள்ள விழும். அந்த கெயினால வகுங்க. கெயினை ஒண்ணு மைனஸ் கெயினால வகுத்தா அந்த சப்கேரியரோட எஸ்ஐஎன்ஆர் (குறுக்கீட்டையும் சேத்த எஸ்என்ஆர்), எல்எல்ஆரை (டீகோடருக்கு கொடுக்கிற, பிட் மேல உள்ள நம்பிக்கை அளவு) அதை வெச்சு ஸ்கேல் பண்ணுங்க. ரெண்டாவது, ஒன்-டேப்லயே இருக்கிறவங்க நாய்ஸ் வேரியன்ஸ்ல தெர்மல் நாய்ஸ் மட்டும் போடாம ஐசிஐ பவரையும் கூட்டுங்க. கூட்டலன்னா எஸ்என்ஆர் ஏற ஏற டீகோடருக்கு தலைக்கனம் ஏறி தப்பான பிட்டை அடிச்சு சத்தியம் பண்ணும்.

அறிகுறி: முழு எம்எம்எஸ்இ அருமையா வேலை செய்யுது, ஆனா ஓடி முடிக்க விடிஞ்சிடுது

20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇல 1200 சப்கேரியர். எந்த சப்கேரியர் எதுக்குள்ள எவ்வளவு ஒழுகுதுன்னு சொல்ற முழு சேனல் மேட்ரிக்ஸை இன்வெர்ஸ் பண்ண 1200-ஓட கனம், 170 கோடி ஆபரேஷன் அளவுல, அதுவும் மில்லிசெகண்டுக்கு 14 தடவை. ரியல் டைம்ல நடக்கிற கதையா?

சேனல் மேட்ரிக்ஸோட அளவை படமா போட்டுப் பாருங்க. மூலைவிட்டத்துல பளிச்சுனு ஒரு கோடு, அதை ஒட்டி ரெண்டு பக்கமும் மங்கலா ஒரு பட்டை, மத்ததெல்லாம் இருட்டு. அந்த பட்டையை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை ஜீரோன்னு வைங்க. ஒரு பக்கத்துக்கு 2 சப்கேரியர்னா மொத்தம் 5 அகலம். எம்எம்எஸ்இ சமன்பாட்டுக்கு பட்டை எல்டிஎல் ஃபாக்டரைசேஷன் போட்டா வேலை சப்கேரியர் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்துலயும் பட்டை அகலத்தோட வர்க்கத்துலயும்தான் ஏறும். 170 கோடி போய் லட்சத்தை ஒட்டி வந்து நிக்கும். ருகினி, பனெல்லி, லெயுஸ் மூணு பேரும் 2005ல காட்டின வழி இது. இன்வெர்ஸ் ஃபங்ஷனை எங்கயும் கூப்பிடாதீங்க, பைத்தானோட சைப்பைல ரெடியா பேண்டட் சால்வர் இருக்கு.

படத்துல மேல் வலது மூலையிலயும் கீழ் இடது மூலையிலயும் குட்டியா வெளிச்சம் தெரியும், எஃப்எஃப்டி வட்டமா சுத்துறதால முதல் சப்கேரியரும் கடைசி சப்கேரியரும் பக்கத்து வீடு. அது பட்டை சால்வரை கெடுக்கும். கார்டு சப்கேரியரை எல்லாம் வெட்டிட்டு டேட்டா இருக்கிற பகுதியை மட்டும் எடுத்தா அந்த மூலை தானா போயிடும்.

சரி, பட்டை போட்டும் மறுபடி ஒரு தரை வருதா? பட்டைக்கு வெளிய வெட்டி எறிஞ்சது அது. ஐசிஐயோட அளவு தூரத்துக்கு நேர் எதிர் விகிதத்துல தேயுது, பவர்னு பாத்தா தூரத்தோட வர்க்கத்துல. வாலை கூட்டிப் பாத்தா பட்டையை ரெண்டு மடங்காக்கினா விட்டுப்போன பவர் பாதியாகும், அதாவது வேலை நாலு மடங்கு, லாபம் 3 டிபி. கட்டுப்படியாகாத வியாபாரம். பட்டையை அகலப்படுத்தாதீங்க, எஃப்எஃப்டிக்கு முன்னாடி ஓரங்கள்ல மெல்ல தேயுற ஒரு விண்டோ போடுங்க, இது 2004ல ஷ்னிட்டர் சொன்ன யோசனை. வால் சடார்னு விழுந்து எனர்ஜி எல்லாம் பட்டைக்குள்ள வந்துடும். ரெண்டு ஜாக்கிரதை: விண்டோ போட்டா நாய்ஸ் வெள்ளையா இருக்காது, அந்த கோவேரியன்ஸை எம்எம்எஸ்இல சேக்கணும். அப்புறம் விண்டோவை வெச்சுக்கிட்டு ஒன்-டேப்புக்கு திரும்பாதீங்க, வண்டி நின்னிருந்தாலும் பக்கத்து கேரியர் ஒழுகும்.

அறிகுறி: எல்எஸ்க்யூஆர் முதல்ல நல்லா இறங்குது, அப்புறம் எரர் ஏறுது, இல்லன்னா இறங்கவே மாட்டேங்குது

எல்எஸ்க்யூஆர்ங்கிறது லீஸ்ட் ஸ்கொயர்ஸ் சமன்பாட்டை படிப்படியா தீக்க 1982ல பேஜும் சாண்டர்ஸும் கொடுத்த அல்காரிதம். மேட்ரிக்ஸையே கட்டாம, அதால பெருக்குறதும் அதோட ஹெர்மீஷியனால (கான்ஜுகேட் ட்ரான்ஸ்போஸ்) பெருக்குறதும் மட்டும் தெரிஞ்சா போதும். பேசிஸ் எக்ஸ்பான்ஷனோட சேத்தா அது அழகா பொருந்தும்: சேனல்னா ஒவ்வொரு பேசிஸுக்கும் ஒரு கான்வல்யூஷன், அதுக்கு மேல நேரத்துல ஒரு பெருக்கல், எல்லாத்தையும் கூட்டு. கான்வல்யூஷன் எஃப்எஃப்டில முடிஞ்சிடும், அதனால ஒரு இட்டரேஷனுக்கு சில எஃப்எஃப்டி, அவ்வளவுதான். 2007 வாக்குல வியன்னா ஆராய்ச்சிக்காரங்க எல்எஸ்க்யூஆரை ஐசிஐக்கு கொண்டுவந்தாங்க; பேசிஸ் எக்ஸ்பான்ஷனோட இப்படி சேத்தா பட்டைக்கு வெளிய வெட்டுற பிரச்சனையே இல்ல.

முதல்ல இறங்கி அப்புறம் ஏறுறது பக் இல்ல. பெரிய சிங்குலர் வேல்யூ திசைகள் முதல் இட்டரேஷன்கள்ல தீந்துடும், போகப்போக ஃபேட் ஆன சின்ன திசைகளை பிடிச்சு அங்க இருக்கிற நாய்ஸை பெருசு பண்ணும். ரெசிடுவல் இறங்கிக்கிட்டே இருக்கும், சிம்பல் எரர் ஏறிக்கிட்டே இருக்கும், ரெசிடுவலை பாத்து நிறுத்துறவங்க இங்கதான் ஏமாறுவாங்க. சிமுலேஷன்ல இட்டரேஷனுக்கு எதிரா எரரை வரைஞ்சு பள்ளம் எங்கன்னு பாத்து அங்க நிறுத்துங்க, எஸ்என்ஆர் கூடினா பள்ளம் வலது பக்கம் தள்ளிப் போகும், அதனால எஸ்என்ஆர் வாரியா ஒரு டேபிள். இல்லன்னா டாம்பிங் ஆப்ஷன்ல நாய்ஸோட ஸ்டாண்டர்ட் டீவியேஷனை சிம்பலோடதால வகுத்துக் கொடுத்துடுங்க, அப்ப அது போய்ச் சேர்ற இடம் எம்எம்எஸ்இ விடையேதான், ஏறவும் ஏறாது.

இறங்கவே இல்லன்னா ஹெர்மீஷியன் ஃபங்ஷன் தப்பு. கண்ணால கோடை வெறிச்சுப் பாக்காம இதை ஓட்டுங்க: ரேண்டமா ரெண்டு காம்ப்ளெக்ஸ் வெக்டர் எடுத்து, முதலாவதை மேட்ரிக்ஸால பெருக்கி ரெண்டாவதோட இன்னர் ப்ராடக்ட், ரெண்டாவதை ஹெர்மீஷியனால பெருக்கி முதலாவதோட இன்னர் ப்ராடக்ட். டபுள் ப்ரிசிஷன்ல 12 இலக்கமாவது ஒத்துப்போகணும். சைஸ் ஒண்ணா இருந்து மதிப்பு வேறன்னா எங்கயோ கான்ஜுகேட் விட்டுப்போச்சு, பெரும்பாலும் பேசிஸ் ஃபங்ஷன்ல. எஃப்எஃப்டி நீளம் அளவுக்கு மடங்கு வித்தியாசம்னா ஸ்கேலிங், நம்பைல நார்ம் ஆப்ஷனை ஆர்த்தோன்னு வெச்சா தீந்துச்சு.

இன்னும் வேகம் வேணும்னா ஒன்-டேப் ஈக்வலைசரையே ப்ரீகண்டிஷனரா (சமன்பாடு சீக்கிரம் தீரும்படி முன்கூட்டியே சீர்படுத்துறது) போடலாம், இட்டரேஷன் குறையும். ஆனா வலது பக்கம் போட்டா வேரியபிள் மாறிடும், டாம்பிங் இப்ப அந்த மாறின வேரியபிளைத்தான் அமுக்குது, ஃபேட் ஆன சப்கேரியருக்கும் நல்ல சப்கேரியருக்கும் வேற வேற அளவுல. அதனால ப்ரீகண்டிஷனர் போட்டா டாம்பிங்கை ஜீரோ பண்ணிட்டு இட்டரேஷன் எண்ணிக்கையை வெச்சே நிறுத்துங்க, டேபிளையும் புதுசா போடணும், பழைய டேபிள் செல்லாது.